நிலாவில் 10 கிலோ, வியாழனில் 152 கிலோ: வேறு கோள்களில் நம் எடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளில் வானியல் வகுப்பு எடுக்கப் போகும்போது, தொலைநோக்கியில் சனியின் வளையத்தைக் காட்டியதும் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் "அங்க போனா நான் எத்தனை கிலோ இருப்பேன்?" என்றுதான். பிள்ளைகள் நகர்ந்த பிறகு ஆசிரியர்களும் பெற்றோர்களும் தங்கள் சந்தேகங்களோடு வருவார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். எல்லாக் கணக்குக்கும் 60 கிலோ ஆள் ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், கால்குலேட்டரை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

எடையும் நிறையும் ஒன்னுதானே? கடையில ரெண்டையும் கிலோவுலதானே சொல்றாங்க?

ஒன்றல்ல. உங்கள் உடம்பில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது நிறை. அதன் அலகு கிலோகிராம். நீங்கள் நிற்கும் கோள் அந்த நிறையை எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பது எடை. அதன் அலகு நியூட்டன். இலங்கைப் பாடநூல்களில் முதலாவது திணிவு, இரண்டாவது நிறை. அங்கே படித்தவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு வாசிக்கவும்.

பூமி ஒவ்வொரு கிலோவையும் சுமார் 9.8 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. 60 கிலோ ஆளின் எடை 588 நியூட்டன். எடை மிஷின் உணர்வது இந்த விசையைத்தான். அதை 9.8-ஆல் வகுத்து, 60 கிலோ என்று காட்டும்படி அமைத்திருக்கிறார்கள். நாம் எல்லோரும் பூமியிலேயே இருப்பதால் இதில் ஒரு சிக்கலும் வருவதில்லை. கீழே "நிலாவில் 10 கிலோ" என்று நான் எழுதினால், இங்கிருந்து கொண்டுபோன மிஷின் அங்கே காட்டும் எண் என்று பொருள். நிறை எங்கே போனாலும் 60 கிலோதான்.

நிலாவுல எடை ஆறுல ஒரு பங்குன்னு புத்தகத்துல இருக்கு. அந்த ஆறு எங்கேருந்து வந்துச்சு?

இரண்டு விகிதங்களிலிருந்து வந்தது. ஒரு கோளின் ஈர்ப்பு அதன் நிறைக்கு நேர் விகிதத்தில் கூடும். மையத்திலிருந்து நீங்கள் இருக்கும் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் குறையும். தரையில் நிற்பவருக்கு அந்தத் தூரம் கோளின் ஆரம்தான். ஆகவே பூமியோடு ஒப்பிட்டால் கணக்கு இவ்வளவுதான்: நிறை விகிதம் ÷ (ஆர விகிதம் × ஆர விகிதம்).

நிலாவின் நிறை பூமியின் நிறையில் 81-இல் ஒரு பங்கு, அதாவது 0.0123. ஆரம் 1,737 கி.மீ.; பூமியின் ஆரம் 6,371 கி.மீ. விகிதம் 0.273, அதன் வர்க்கம் 0.0743. 0.0123-ஐ 0.0743-ஆல் வகுத்தால் 0.165 வருகிறது. அதுதான் ஆறில் ஒரு பங்கு. 60 கிலோ ஆள் அங்கே 9.9 கிலோ.

நிறை 81 மடங்கு குறைவு, எடை மட்டும் ஏன் ஆறு மடங்கு குறைகிறது என்று சிலர் அடுத்ததாகக் கேட்பார்கள். நிலா சிறியது என்பதால் அதன் மையம் நம் காலுக்கு மிக அருகில் இருக்கிறது. நிறையில் இழந்ததில் பெரும்பகுதியை அந்த நெருக்கம் ஈடுகட்டிவிடுகிறது.

மத்த கோளுக்கெல்லாம் வேற சூத்திரம் இருக்கா?

இல்லை, இதே கணக்குதான். பூமியை 1 என்று வைத்து நிறையும் ஆரமும் தருகிறேன். புதன் 0.055, 0.383. வெள்ளி 0.815, 0.95. செவ்வாய் 0.107, 0.532. வியாழன் 318, 11.2. சனி 95.2, 9.45. யுரேனஸ் 14.5, 4.01. நெப்டியூன் 17.1, 3.88. சூரியன் 3,33,000, 109.

போட்டுப் பார்த்தால் 60 கிலோ ஆள் புதனிலும் செவ்வாயிலும் 23 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, வெள்ளியிலும் யுரேனஸிலும் 54, சனியில் 64, நெப்டியூனில் 68, வியாழனில் 152 என்று வரும். சூரியனுக்கு 28 மடங்கு, 1,680 கிலோ.

புதன் செவ்வாயைவிட ரொம்பச் சின்னது. ரெண்டுலயும் எடை ஒரே மாதிரி வருதே, தப்பா?

தப்பில்லை. எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. ஒரு கோளின் நிறை என்பது அதன் அடர்த்தியைக் கன அளவால் பெருக்கினால் கிடைப்பது. கன அளவு ஆரத்தின் முப்படியை (ஆரம் × ஆரம் × ஆரம்) பொறுத்தது. அதை ஆரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோம். மிஞ்சுவது அடர்த்தி × ஆரம் மட்டுமே. ஆக, தரை ஈர்ப்பை ஒப்பிட இந்தப் பெருக்கலே போதும்.

புதன்: அடர்த்தி நீரைப்போல் 5.43 மடங்கு, ஆரம் 2,440 கி.மீ. பெருக்கினால் 13,249. செவ்வாய்: 3.93 × 3,390 = 13,323. கிட்டத்தட்ட ஒரே எண். புதனின் ஆரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இரும்பு மிகுந்த உட்கரு. பெரிய செவ்வாயின் பாறை உடம்புக்கு ஈடாகச் சின்னப் புதனின் இரும்பு இழுக்கிறது. இரண்டின் ஈர்ப்பும் ஒத்துப்போவது தற்செயல்தான், ஆனால் அழகான தற்செயல்.

சனி பூமியைவிட 95 மடங்கு நிறைன்னா, அங்க நசுங்கிட மாட்டோமா?

ஈர்ப்பினால் நசுங்க மாட்டீர்கள். முந்தைய பதிலில் பார்த்த அடர்த்தி × ஆரம் இங்கேயும் உதவும். சனியின் அடர்த்தி நீரைவிடக் குறைவு, 0.69. பூமியின் அடர்த்தி 5.51. அதாவது சனி மிகப் பெரியது, ஆனால் மிகவும் லேசான பொருளால் ஆனது. பெரிய அளவும் லேசான பொருளும் ஒன்றையொன்று ஈடுகட்ட, ஈர்ப்பு பூமியைவிடச் சற்றே கூடுதல் என்ற அளவில் நிற்கிறது.

வியாழனுக்கும் சனிக்கும் தரையே கிடையாதே. எங்க நின்னு எடை பாக்கிறது?

நிற்க இடமில்லைதான். வாயுக் கோள்களுக்கு ஒரு மட்டத்தை ஒப்புக்கொண்டு கணக்கிடுகிறார்கள்: வளிமண்டல அழுத்தம் 1 பார் இருக்கும் உயரம். நம் கடல்மட்டத்துக் காற்றழுத்தமும் ஏறத்தாழ அவ்வளவுதான். மேலே தந்த ஆரங்கள் அந்த மட்டம் வரைக்குமானவை.

நிலாவுக்குத் தராசு எடுத்துட்டுப் போனா என்ன காட்டும்?

எந்தத் தராசு என்பதைப் பொறுத்தது. இரண்டு தட்டுத் தராசில் ஒரு பக்கம் அரிசி, மறுபக்கம் ஒரு கிலோ படிக்கல் வைத்தால் பூமியில் சமமாக நின்றது நிலாவிலும் சமமாகவே நிற்கும். அரிசி லேசானால் படிக்கல்லும் அதே அளவு லேசாகிறது. அது நிறைகளை ஒப்பிடும் கருவி. சுருள்வில் தராசும் எலக்ட்ரானிக் மிஷினும் விசையை அளப்பவை. அவை அந்த அரிசியை 165 கிராம் என்று காட்டும்.

விண்வெளி நிலையத்துல ஈர்ப்பு இல்லாததாலதானே எல்லாரும் மிதக்கிறாங்க?

மிக அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். ஈர்ப்பு அங்கே நன்றாகவே இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. மையத்திலிருந்து தூரம் 6,371-க்குப் பதிலாக 6,771. 6,371-ஐ 6,771-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: 0.885. தரையில் உள்ள ஈர்ப்பில் 88 சதவீதத்துக்கு மேல் அங்கேயும் இருக்கிறது. இல்லையென்றால் நிலையம் பூமியைச் சுற்றாமல் நேர்கோட்டில் போய்விடும்.

லிஃப்ட் சட்டென்று கீழே இறங்கத் தொடங்கும்போது உடம்பு ஒரு கணம் லேசாவதை உணர்ந்திருப்பீர்கள். நிலையம் எப்போதும் அப்படி விழுந்துகொண்டே இருக்கிறது. நொடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டிலும் ஓடுவதால் தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றி வருகிறது. உள்ளே இருப்பவரும் அவர் காலுக்கடியில் வைத்த எடை மிஷினும் ஒன்றாகவே விழுவதால், மிஷினை அழுத்த எதுவும் இல்லை. அது பூஜ்யம் காட்டும்.

அப்போ அங்க இருக்கவங்க எடை கூடிச்சா குறைஞ்சுதான்னு எப்படிப் பாப்பாங்க?

தசையும் எலும்பும் தேய்வதால் அதைப் பார்த்தே ஆகவேண்டும். எடையை அளக்க முடியாது, நிறையை அளக்கலாம். 1973-இல் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்திலேயே சுருள்வில்லில் பொருத்திய நாற்காலி ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடவேண்டும். நிறை கூடியவர் மெதுவாக ஆடுவார், குறைந்தவர் விரைவாக ஆடுவார். ஆடும் நேரத்திலிருந்து கிலோ கிடைத்துவிடும்.

நிலாவுல ஆறு மடங்கு உயரம் குதிக்கலாமா? கனமான பொருளையெல்லாம் ஒத்தைக் கையால தள்ளிடலாமா?

குதிப்பதை முதலில் பார்ப்போம். பூமியில் அரை மீட்டர் எழும்பக் கிளம்பும் வேகம் நொடிக்கு 3 மீட்டரைச் சற்றுத் தாண்டும். அதே வேகத்தில் நிலாவில் கிளம்பினால் 3 மீட்டர் போய், திரும்பி வர ஏறத்தாழ 4 விநாடி ஆகும். ஆனால் அப்பல்லோ வீரர்களின் உடையும் முதுகுப் பெட்டியும் சேர்ந்து சுமார் 90 கிலோ. உடை விறைப்பானது, முழங்காலை நன்றாக மடக்க விடாது. 1972-இல் அப்பல்லோ 16-இன் ஜான் யங் குதித்தபடியே கொடிக்கு வணக்கம் செலுத்தும் காட்சியைப் பாருங்கள், அவர் எழும்புவது மிதமான உயரம்தான்.

தள்ளுவது வேறு விஷயம். தூக்கும்போது எதிர்ப்பது எடை. தள்ளும்போதும் நிறுத்தும்போதும் எதிர்ப்பது நிறை. உடையோடு 165 கிலோ நிறையுள்ள ஒருவர் நிலாவில் 27 கிலோபோல உணர்வார். ஓடிவிட்டு நிற்க நினைத்தாலோ அந்த 165 கிலோவையும் நிறுத்தியாக வேண்டும், காலடியில் பிடிப்பும் குறைவு. நினைத்த இடத்தில் நிற்க இரண்டு மூன்று எட்டு முன்பே தயாராக வேண்டியிருந்தது என்பது அங்கே நடந்தவர்களின் அனுபவம்.

குதிச்சு அப்படியே பறந்து போயிடற மாதிரி சின்ன இடம் ஏதாவது இருக்கா?

இருக்கிறது. செவ்வாயின் சின்ன நிலவு டீமோஸ் சுமார் 6 கி.மீ. ஆரம் கொண்டது. அங்கே 60 கிலோ ஆளின் எடை 20 கிராம்கூட வராது. ஆனாலும் விடுபட நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். நம் 3 மீட்டர் வேகம் போதாது. 2 கி.மீ.க்கு மேல் எழும்பி, மெதுவாகத் திரும்பி வருவீர்கள். 67பி என்ற வால்நட்சத்திரத்தில் நொடிக்கு 1 மீட்டர் வேகமே போதும், அங்கே குதித்தால் திரும்ப மாட்டீர்கள்.

இது உண்மையிலேயே ஒரு விண்கலத்துக்கு நேர்ந்தது. 2014 நவம்பர் 12 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஃபிலே கலம் 67பி-யில் இறங்கியது. பூமியில் 100 கிலோ, அங்கே ஒரு கிராம் அளவுக்குத்தான் எடை. தரையைப் பற்றிக்கொள்ள வேண்டிய ஈட்டிகள் பாயவில்லை. கலம் துள்ளி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரம் போய், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் கழித்துத் திரும்ப விழுந்தது. துள்ளிய வேகம் நொடிக்கு 38 செ.மீ. மட்டுமே என்பதால் தப்பியது.

நிலாவுல ஓடப்போற வண்டியைப் பூமியில எப்படிச் சோதிப்பாங்க? இங்க எடை கூடத்தானே இருக்கும்?

எடையைக் குறைத்துத்தான் சோதிக்க வேண்டும். சக்கரம் மண்ணில் எவ்வளவு புதையும் என்பது எடையைப் பொறுத்தது. நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தியின் நிறை 899 கிலோ. அதன் சோதனை வண்டியான ஸ்கேர்குரோவில் கணினியையும் ஆய்வுக் கருவிகளையும் வைக்காமல் இலகுவாகச் செய்தார்கள். பூமியில் அது சக்கரத்தின் மேல் ஏற்றும் பாரம், செவ்வாயில் கியூரியாசிட்டி ஏற்றும் பாரத்துக்கு இணையாக இருக்கும். சந்திரயான்-3 கொண்டுபோன நம் பிரக்யான் ஊர்தி 26 கிலோ, நிலாவில் அது 4.3 கிலோவாகத்தான் மண்ணை அழுத்தியது.

எடை சரியானாலும் மண் சரியாக வேண்டுமே. நிலாவின் மேட்டுநிலப் பாறையான அனார்தசைட் நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை வட்டாரத்தில் கிடைக்கிறது. அங்கிருந்து எடுத்து அரைத்த மண்ணைத்தான் சந்திரயான் சோதனைகளுக்கு இஸ்ரோ பயன்படுத்தியது.

கோளோட நிறையை யார் போய் எடை போட்டாங்க? அந்த 318-ஐ நாங்க ஏன் நம்பணும்?

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். கோளைச் சுற்றும் நிலவு ஒன்று இருந்தால் போதும். வியாழனுக்கு 1610-இல் கலிலியோ கண்டுபிடித்த நான்கு நிலவுகள் இருக்கின்றன. சாதாரணத் தொலைநோக்கியில் நாமே பார்க்கலாம். அவற்றில் அயோ, வியாழனின் மையத்திலிருந்து 4,21,700 கி.மீ. தூரத்தில் 1,52,850 விநாடிக்கு ஒரு முறை சுற்றுகிறது, அதாவது 1.77 நாள். வட்டத்தில் சுற்றும் பொருளின் முடுக்கம் 39.48 × தூரம் ÷ (நேரம் × நேரம்). 39.48 என்பது பை வர்க்கத்தின் நான்கு மடங்கு. தூரத்தை மீட்டரில் போட்டால் 0.713 மீ/வி² வரும் (ஒரு கிலோவுக்கு இத்தனை நியூட்டன் என்பதும் இதே எண்தான்). அயோ இருக்கும் இடத்தில் வியாழனின் ஈர்ப்பு அதுதான்.

இப்போது வியாழனின் மேல்மட்டத்துக்கு இறங்குவோம். அதன் ஆரம் 71,492 கி.மீ., அயோவின் தூரம் அதைப்போல் 5.9 மடங்கு. தூரம் 5.9 மடங்கு குறைந்தால் ஈர்ப்பு 5.9 × 5.9, அதாவது 34.8 மடங்கு கூடும். 0.713 × 34.8 = 24.8 மீ/வி². பூமியின் 9.8-ஆல் வகுத்தால் 2.53. மேலே 318-ஐ வைத்து வந்த விடையும் அதே. வியாழனின் நிறை எத்தனை கிலோ என்பது நமக்குத் தேவைப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். தூரமும் நேரமும் போதுமாக இருந்தன. நிலாவின் ஓட்டத்தையும் தரையில் விழும் பொருளையும் நியூட்டன் ஒப்பிட்டதும் இந்த வழியில்தான். கிலோவில் சொல்லவேண்டும் என்றால் மட்டும் ஈர்ப்பு மாறிலி தேவை. அதற்கு வழிவகுத்தது 1798-இல் கேவண்டிஷ் ஈயக் குண்டுகளை வைத்துச் செய்த சோதனை.

புதனுக்கும் வெள்ளிக்கும் நிலவு இல்லை. அருகே பறந்த விண்கலத்தின் பாதை எவ்வளவு வளைந்தது என்று பார்த்துத் துல்லியமாகக் கண்டார்கள்: வெள்ளிக்கு 1962-இல் மரைனர் 2, புதனுக்கு 1974-இல் மரைனர் 10.

சனியோட ஈர்ப்பு ஒரு இடத்துல 10.4 மீ/வி²-ன்னு இருக்கு, இன்னொரு இடத்துல 9-ன்னு இருக்கு. எது சரி?

இரண்டும் சரி. நிறையையும் நடுக்கோட்டு ஆரத்தையும் மட்டும் வைத்துப் போட்டால் 10.4. ஆனால் சனி பத்தரை மணி நேரத்துக்குச் சற்று மேலான நேரத்தில் ஒரு முறை சுழன்றுவிடுகிறது. நடுக்கோட்டில் இருப்பவரை அந்தச் சுழற்சி வெளியே தள்ளப் பார்க்கும். அதைக் கழித்தால் 9-ஐ ஒட்டி வரும். துருவத்தில் இந்தக் கழிவு இல்லை, கோள் தட்டையாக இருப்பதால் மையமும் அருகில், அங்கே 12-ஐத் தாண்டும். மிஷின் என்ன காட்டும் என்று கேட்டால் சுழற்சியைக் கழித்த எண்ணே விடை.

வெள்ளியில 54 கிலோன்னு சொன்னீங்க. மிஷின் நிஜமாவே அப்படிக் காட்டுமா?

காட்டாது. வெள்ளியின் தரையில் வளிமண்டலம் அவ்வளவு அடர்த்தி. ஒரு கன மீட்டர் காற்று சுமார் 65 கிலோ. 60 கிலோ ஆளின் கன அளவு ஏறத்தாழ 0.06 கன மீட்டர். அவர் விலக்கும் காற்று 3.9 கிலோ, அதன் எடை அங்கே 3.5 கிலோ. அந்த அளவுக்குக் காற்று அவரை மேலே தாங்கும். மிஷின் 51 கிலோவை ஒட்டியே காட்டும். தண்ணீரில் பொருள் லேசாவதற்குக் காரணமான அதே மிதப்பு விசைதான். பூமியிலும் காற்று நம்மை 70 கிராம் அளவுக்குத் தாங்குகிறது.

பூமியிலேயே ஊருக்கு ஊர் எடை மாறுமா? அமாவாசை, பௌர்ணமிக்கு மாறுமாமே?

ஊருக்கு ஊர் மாறும். சனி பதிலில் சொன்ன சுழற்சியும் தட்டைத்தன்மையும் பூமிக்கும் உண்டு. ஈர்ப்பு சென்னையில் 9.783 மீ/வி², லண்டனில் 9.812. சென்னையில் சரிபார்த்த எலக்ட்ரானிக் தராசை அப்படியே லண்டனுக்குக் கொண்டுபோனால் 60 கிலோ ஆளை 180 கிராம் கூட்டிக் காட்டும். பத்துப் பவுன் நகையை, அதாவது 80 கிராமை, 0.24 கிராம் கூட்டிக் காட்டும். அதனால்தான் நுட்பமான தராசுகளை வைக்கும் இடத்திலேயே படிக்கல் வைத்துச் சரிபார்க்கிறார்கள். பூமியின் உள்ளே பொருள் சீராகப் பரவியிருக்கவும் இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைந்த ஒரு பெரும் பகுதி இருக்கிறது. அங்கே கடல்மட்டமே சுமார் 100 மீட்டர் தாழ்ந்திருக்கிறது.

அமாவாசைக்கும் மாறும், ஆனால் நீங்கள் அறியும் அளவுக்கு அல்ல. நிலா உச்சியில் இருக்கும்போது 60 கிலோ ஆளுக்குச் சுமார் 7 மில்லிகிராம் குறையும். சூரியனும் அதே கோட்டில் வரும் நாட்களில் 10 மில்லிகிராம். நிலா நேர் எதிரே, காலடிக்குக் கீழே பூமியின் மறுபக்கத்தில் இருந்தாலும் அதேபோல் குறையும். கடலில் ஓதம் வருவதும் இந்தச் சிறு வித்தியாசத்தால்தான். கடல் மிகப் பெரியது என்பதால் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

பூமிக்குள்ள குழி தோண்டி மையத்துக்குப் போனா எடை ஏறிக்கிட்டே போகுமா?

மையத்தில் பூஜ்யம், எல்லாப் பக்கமும் சமமாக இழுக்கும். ஆனால் போகும் வழியில் சீராகக் குறைந்துகொண்டே வராது. உட்கரு மிகவும் அடர்த்தியானது. அதை நெருங்கும் லாபமும் தலைக்குமேல் விட்டுவந்த பாறையின் நஷ்டமும் ஈடுகட்டிக்கொள்வதால் ஈர்ப்பு வெகுதூரம் 10-ஐ ஒட்டியே இருக்கும். 2,890 கி.மீ. ஆழத்தில், உட்கருவின் விளிம்பில் 10.7 வரை ஏறி, அதன் பிறகுதான் இறங்கும்.

சூரியன் திடீர்னு கருந்துளையா மாறினா பூமியை உறிஞ்சிடுமா?

உறிஞ்சாது. நிலா பதிலில் போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். அதில் நிறையும் மையத்திலிருந்து தூரமும் மட்டுமே உண்டு. நிறை மாறவில்லை, பூமியின் தூரமும் மாறவில்லை. இருட்டும் குளிரும் வரும்; சுற்றுப்பாதை அப்படியே இருக்கும்.

மாறுவது, எவ்வளவு அருகில் போக முடியும் என்பதுதான். இப்போது சூரியனின் மேல்மட்டம் மையத்திலிருந்து 6,96,000 கி.மீ.; அங்கே ஈர்ப்பு 274 மீ/வி². கருந்துளையானாலும் அந்தத் தூரத்தில் அதே 274 தான். ஆனால் இனி மேலும் உள்ளே போகலாம். 69,600 கி.மீ.க்குப் போனால் நூறு மடங்கு, 27,400. சூரியனைவிடச் சற்றே கூடுதல் நிறையைச் சுமார் 12 கி.மீ. ஆரத்தில் அடைத்திருக்கும் நியூட்ரான் நட்சத்திரத்தின் மேல்மட்டத்தில் பூமியைப்போல் 10,000 கோடி மடங்கைத் தாண்டும். சூரியனின் நிறைக்குக் கருந்துளையின் எல்லை 3 கி.மீ.; அதை நெருங்கும்போது நியூட்டனின் இந்தக் கணக்கு சரியான விடை தராது, ஐன்ஸ்டீன் 1915-இல் தந்த சமன்பாடுகள் வேண்டும்.